‘லீஜ் அண்ட் லீஃப்’: மீட்டெடுத்த பாடல்களா, புதிதாக ஆக்கிய பாடல்களா?

எல்லாக் காலத்திலும் மிகுந்த தாக்கத்தை ஏற்படுத்திய நாட்டார் இசைத்தொகுப்பு எது என்று பிபிசி ரேடியோ 2 தன் நேயர்களிடம் கேட்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்தது ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ‘லீஜ் அண்ட் லீஃப்’. அந்த வானொலியின் 2006-ஆம் ஆண்டு நாட்டார் இசை விருது விழாவில் இந்த முடிவு அறிவிக்கப்பட்டது. 1969 டிசம்பரில் தொகுப்பு வெளிவந்த நாள்களில் இப்படி ஒருமித்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது 17-ஆம் இடம் வரை ஏறியது. அதே குழு அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்ட ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ 12-ஆம் இடத்தைத் தொட்டிருந்தது. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழில் வந்த மதிப்புரை ஏமாற்றத்தையே வெளியிட்டது. முந்தைய தொகுப்புகளில் இருந்த குழுவின் தனித்தன்மை பழைய பாடல்களின் பாரத்தில் அமுங்கிப்போய்விட்டது என்பதுதான் அன்று இந்தத் தொகுப்பை ரசிக்க முடியாதவர்களின் பொதுவான மனக்குறை.

அன்றைய மனக்குறையையும் பிற்காலத்துப் புகழ்மாலையையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, இரண்டும் ஒரே கருத்தின்மேல் நிற்பது தெரிகிறது. பழைய ஆங்கில நாட்டார் பாடல்களை நூலகத்திலிருந்து எடுத்து மின்கிட்டாரோடும் டிரம்ஸோடும் சேர்த்தார்கள் என்பதே இரு தரப்பும் இந்தத் தொகுப்பைப் பற்றிச் சொல்வது. ஒருவருக்கு அது பிழையாகப் பட்டது, மற்றவருக்குப் பெருமையாகப் பட்டது, அவ்வளவுதான். இந்தத் தொகுப்பின் உயர்வு மீட்டெடுப்பில் இருப்பதாக நான் கருதவில்லை. எட்டுப் பாடல்களையும் ஊன்றிக் கேட்டால், பழையவை என்று போற்றப்படுகிறவற்றிலேயே புதிதாக ஆக்கப்பட்ட பகுதி எவ்வளவு அதிகம் என்பது விளங்கும். அந்த ஆக்கத்தைச் செய்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் செல்வாக்கை மட்டும் பேசும் மதிப்புரைகள், பாடகியையும் வாத்தியக்காரர்களையும் நூலகப் பணியாளர்களாக்கிவிடுகின்றன.

குழுவின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1967-இல் வட லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் தொடங்கிய ஃபேர்போர்ட், முதலில் அமெரிக்கப் பாடல்களில் நாட்டம் கொண்ட இளைஞர்களின் குழு. விட்ச்சீசன் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய ஜோ பாய்ட் இவர்களின் தயாரிப்பாளர். தொகுப்புகளை வெளியிட்டது அன்று சுதந்திர நிறுவனமாக இருந்த ஐலண்ட் ரெக்கார்ட்ஸ். பெரிய நிறுவனங்களின் கணக்கு வழக்குக்குள் சிக்காததால்தான் இருபது வயதை ஒட்டிய இசைக்கலைஞர்கள் ஒரே ஆண்டில் மூன்று தொகுப்புகளை, ஒவ்வொன்றையும் வேறொரு திசையில், வெளியிட முடிந்தது. அந்த மூன்றில் கடைசியானது ‘லீஜ் அண்ட் லீஃப்’.

நடுவில் ஒரு பேரிடி விழுந்தது. 1969 மே 12 அதிகாலையில், பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் விபத்துக்குள்ளானது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் பத்தொன்பது வயதில் இறந்தார். கிட்டார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். குழுவைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சுக்குப் பிறகு, தொடர்வது என்றும், விபத்துக்கு முன் வாசித்துவந்த தங்கள் பாடல்களை இனி மேடையில் வாசிப்பதில்லை என்றும் முடிவாயிற்று. அந்தக் கோடைக்காலத்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் ஃபார்லி சேம்பர்லேன் என்ற சிற்றூரில் ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கேயே தங்கி ஒத்திகை பார்த்தார்கள். முந்தைய தொகுப்பில் விருந்தினராக வயலின் வாசித்திருந்த டேவ் ஸ்வார்பிரிக் முழுநேர உறுப்பினரானார். லாம்பிளின் இடத்துக்கு டேவ் மேட்டக்ஸ் வந்தார். பேஸ் கிட்டார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் சிசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்துக்குப் போய்ப் பழைய பாடல் திரட்டுகளைத் துருவினார். செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் புதிய பாடல்கள் அரங்கேறின. அக்டோபர், நவம்பர் மாதங்களில் செல்சியிலுள்ள சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது; ஒலிப்பதிவாளர் ஜான் வுட்.

இவ்வளவு விவரங்களும் வரவேற்பின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருபவை. விபத்து, கிராமத்து வீடு, நூலகம் என்ற மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல கதையாக அமைந்துவிட்டதால், இசையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலெல்லாம் அந்தக் கதையே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொகுப்பின் உறையே அதற்கு ஓரளவு காரணம். விரித்தால் உள்பக்கத்தில் ஆங்கிலக் கிராமச் சடங்குகளைப் பற்றிய படங்களும் குறிப்புகளும், பாடல்களைத் திரட்டிய அறிஞர்கள் சிசில் ஷார்ப், ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் ஆகியோரைப் பற்றிய செய்திகளும் அச்சாகியிருக்கின்றன. குழுவே தன்னை மரபின் வாரிசாக முன்வைத்தது. விமர்சகர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

பாடல்களுக்கு வருவோம். தொகுப்பின் மையம் ‘மேட்டி க்ரோவ்ஸ்’ என்ற எட்டு நிமிடக் கதைப்பாடல். ஹார்வர்டு பேராசிரியரான சைல்ட் 1882-க்கும் 1898-க்கும் இடையில் பதிப்பித்த 305 ஆங்கில, ஸ்காட்டியக் கதைப்பாடல்களில் இது 81-ஆவது எண்ணைப் பெற்றது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் புழங்கியது. பிரபுவின் மனைவி ஒரு திருநாளில் தேவாலயத்தில் மேட்டி க்ரோவ்ஸ் என்ற எளிய இளைஞனைக் கண்டு வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடிப்போய் எசமானிடம் சொல்கிறான். பிரபு வந்து இருவரையும் படுக்கையில் காண்கிறான். வாள் கொடுத்துச் சண்டைக்கு அழைத்து இளைஞனைக் கொல்கிறான். உயிரோடிருக்கும் உன்னைவிடச் செத்துக் கிடக்கும் அவனே எனக்கு மேல் என்று சொன்ன மனைவியையும் கொல்கிறான். இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்லும்போதுகூட, அவள் உயர்குலத்தவள் என்பதால் அவளை மேலே வைக்கும்படி உத்தரவிடுகிறான்.

இத்தனை சம்பவங்களையும் குழுவின் பாடகி சாண்டி டென்னி பாடும் விதத்தைக் கவனிக்க வேண்டும். பதினைந்துக்கும் மேற்பட்ட சரணங்களில் ஓரிடத்திலும் அவர் குரலை நடுங்கவிடுவதில்லை, விம்முவதில்லை, பாத்திரத்துக்குப் பாத்திரம் குரலை மாற்றி நடிப்பதுமில்லை. கொலை நடக்கும் வரியும் வேலைக்காரன் ஓடும் வரியும் ஒரே நிதானத்தில் வருகின்றன. அப்படியிருந்தும் மனைவியின் பதிலைப் பாடும்போது சொற்களின் முனையில் ஒரு கடினம் ஏறுகிறது. சொல்லின் கடைசி மெய்யெழுத்தை அவர் சற்றே அழுத்தி முடிக்கிறார்; அந்த ஓர் அழுத்தத்திலேயே அந்தப் பெண்ணின் அஞ்சாமை முழுவதும் கேட்கிறது. மெலோடி மேக்கர் இதழின் வாசகர்கள் 1970-லும் 1971-லும் டென்னியைப் பிரிட்டனின் சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தொகுப்பைப் பற்றிய அன்றைய மதிப்பீடுகளைவிட, அவருடைய குரலைப் பற்றிய இந்த வாசகர் தீர்ப்பு எவ்வளவோ தெளிவாக இருந்தது என்றே சொல்வேன்.

இதே பாடலில் ‘பழமை’ எங்கே இருக்கிறது என்று பார்த்தால், சொற்களில் இருக்கிறது. மெட்டோ அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் பாடப்படும் ‘ஷேடி க்ரோவ்’ என்ற பாடலின் மெட்டைத் தழுவியது. பாடல் முடிந்த பின் தொடரும் நீண்ட வாத்தியப் பகுதி முழுக்க முழுக்கக் குழுவின் வாத்தியக்காரர் ஐவரின் ஆக்கம். கல்லறை வரி முடிந்ததும் ஒரு கணமும் தாமதிக்காமல் வேகம் மாறுகிறது. ஸ்வார்பிரிக்கின் வயலினும் தாம்சனின் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகின்றன. வயலின் ஒரு சொற்கட்டை இழுத்துவிட, கிட்டார் அதன் வாலைப் பிடித்து வேறு பக்கம் திருப்புகிறது. பாடகி காட்டாத ஆவேசம் முழுவதும் அங்கேதான் வெளிப்படுகிறது. பாடலில் உணர்ச்சியை அடக்கி வாத்தியத்தில் திறந்துவிடும் இந்த அமைப்பு எந்த நூலகத்திலும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

‘ரேனார்டீன்’ இன்னும் கூர்மையான சான்று. மலைக்காட்டில் ஒரு பெண்ணை மயக்கி அழைத்துச் செல்லும் மர்ம மனிதனைப் பற்றிய பாடல் இது; அவன் மனித உருவில் வரும் நரி என்ற குறிப்பு இந்த வடிவத்தின் அச்சத்துக்கு ஆணிவேர். தொன்மையான நம்பிக்கையின் எச்சம் என்று பல மதிப்புரைகள் இதைக் கொண்டாடியிருக்கின்றன. ஆனால் அச்சில் கிடைக்கும் பழைய வடிவங்களில் அவன் பெரும்பாலும் சட்டத்துக்கு ஒளிந்து திரியும் ஒரு மனிதன் மட்டுமே. நரித்தன்மையை வலுப்படுத்திப் பாடலைச் செப்பனிட்டவர் இருபதாம் நூற்றாண்டின் நாட்டார் இசை ஆர்வலரும் பாடகருமான ஏ. எல். லாய்ட் என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியிருக்கிறது. இதனால் பாடலின் மதிப்பு குறைந்துவிடவில்லை. பாடலைப் பாடுகிறவர் ஒவ்வொருவரும் கொஞ்சம் மாற்றுவதுதான் மரபு என்றால், லாய்டும் அந்த வரிசையில் ஒருவர், ஃபேர்போர்ட்டும் அந்த வரிசையில் வருகிறவர்கள். தொன்மை என்ற ஒரே அளவுகோலால் இந்தப் பாடலை அளந்த பாராட்டுதான் வலுவிழக்கிறது.

இசையாகக் கேட்கையில் ‘ரேனார்டீன்’ இந்தத் தொகுப்பின் துணிச்சலான முயற்சி. தாளம் ஏறக்குறைய இல்லை. சிம்பல்களின் மெல்லிய அதிர்வு எழுந்து அடங்குகிறது; வயலின் நீண்ட சுருதியாக நிற்கிறது; கிட்டார் துளித்துளியாக விழுகிறது. அந்த மூட்டத்தின் நடுவே டென்னி அடிக்கு அடி தன் விருப்பப்படி நீட்டியும் நிறுத்தியும் பாடுகிறார். வாத்தியங்கள் அவர் மூச்சு விடும் இடத்துக்காகக் காத்திருக்கின்றன. ராக் குழு என்றால் பின்னணியில் இடைவிடாத அடி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு வருகிறவருக்கு இது சோர்வு தரலாம். எனக்கும் நடுப்பகுதி தேவைக்குச் சற்று நீளமாகவே படுகிறது. ஆயினும் பாடகியின் குரலை முன்னிறுத்தி ஐந்து பேர் இவ்வளவு அடக்கமாக வாசித்த வேறொரு பதிவை இந்தக் குழுவிடம் நான் கேட்டதில்லை.

‘டாம் லின்’ அதற்கு நேர் எதிர். சைல்டின் திரட்டில் 39-ஆவது பாடலான இது, தேவதைகளின் அரசியிடம் சிறைப்பட்ட டாம் லின் என்பவனை, அவன் குழந்தையைச் சுமக்கும் ஜேனட் மீட்கும் கதை. ஸ்காட்லாந்தின் செல்கர்க் அருகிலுள்ள கார்ட்டர்ஹா காட்டில் கதை நடக்கிறது. அவன் அவள் கையில் அடுத்தடுத்து அஞ்சத்தக்க உருவங்களை எடுத்தாலும் அவள் பிடியை விடக் கூடாது என்பதே நிபந்தனை. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்து அடிக்கும் கனத்த துண்டுகள் எதிர்பாராத இடங்களில் விழுகின்றன. பாட்டு அவற்றின் மீதேறி நடக்கிறது. இந்தப் பாடலில்தான் மேட்டக்ஸ் யார் என்று தெரிகிறது. நடன அரங்குகளின் இசைக்குழுக்களில் வாசித்துப் பழகிய அவருக்கு நாட்டார் இசையோ அன்றைய ராக் இசையின் ஆர்ப்பாட்டமோ பழக்கமில்லை. அதனாலோ என்னவோ, அவர் டிரம்ஸை நிரப்புவதில்லை. அடிகளைக் குறைத்து, ஒவ்வோர் அடியையும் சற்றே பின்தள்ளிக் கனமாக வைக்கிறார். பின்னால் வந்த ஆங்கில ஃபோக் ராக் குழுக்களின் டிரம்ஸ் வாசிப்பில் பெரும்பகுதி இந்த நடையிலிருந்து பிறந்தது. செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இவரைத்தான். வயலினுக்கும் குரலுக்கும் போகும் பாராட்டில் கால்பங்குகூட அவருக்குப் போவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நான்கு நடன மெட்டுகளை அடுத்தடுத்துத் தொடுத்த வாத்தியத் தொகுதி நாலு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பேஸும் டிரம்ஸும் சேர்ந்தால் பழைய ஜிக், ரீல் மெட்டுகள் எப்படித் துள்ளும் என்பதைக் காட்டியதற்காக அதற்கு வரலாற்றில் இடம் உண்டு. ஆனால் ஸ்வார்பிரிக்கின் வில்வேகத்தைத் தாண்டி அதில் தங்கி நிற்க ஒன்றுமில்லை. ‘தி டெசர்ட்டர்’ கண்ணியமான பாடல். படையிலிருந்து ஓடிப் பிடிபட்டவனின் கதையைக் குறையில்லாமல் சொல்கிறது. தொடக்கப் பாடலான ‘கம் ஆல் யீ’, டென்னியும் ஹட்சிங்ஸும் எழுதியது. குழுவின் வாத்தியங்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தும் வரவேற்புரைபோல அமைந்த இந்தப் பாடல்தான் தொகுப்பின் பலவீனமான பகுதி. பழைய பாடல் போலத் தோன்ற வேண்டும் என்ற முயற்சி வெளியே தெரிகிறது. ‘மேட்டி க்ரோவ்ஸ்’ பாடும்போது இயல்பாக ஒலிக்கும் டென்னியின் குரல் இதில் கொஞ்சம் கட்டாயத்துக்கு உற்சாகப்படுகிறது. முதல் பாடலைக் கேட்டு ஒதுக்கிவிட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருப்பார்கள்.

என் மதிப்பீட்டில் தொகுப்பின் சிகரங்கள் இரண்டும் தாம்சன் சொல் எழுதியவை. ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’ மூன்று நிமிடம்கூட நீடிக்காத சிறு பாடல். மெட்டு பழையது, ‘வில்லி ஓ வின்ஸ்பரி’ என்ற கதைப்பாடலுடையது. சொற்கள் முற்றிலும் புதியவை. பல்லவி இல்லை, வாத்திய இடையீடு இல்லை. விடைபெற்றுச் செல்லும் பயணிகளிடம் பேசுவது போல டென்னி பாடிக்கொண்டே போகிறார். கிட்டார்கள் குரலுக்குக் கீழே மிக மெதுவாக நடக்கின்றன. சொல்லி முடித்ததும் பாடல் நின்றுவிடுகிறது. விபத்து நடந்து சில மாதங்களே ஆன நிலையில் இருபது வயது இளைஞர் ஒருவர் எழுதிய வரிகள் என்பதை அறிந்தவர் அந்தத் துயரத்தோடு சேர்த்தே இதைக் கேட்பார். அறியாதவருக்கும் பாடல் அதே வலிமையோடு வந்து சேர்கிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். எழுதியவரின் வாழ்க்கைக் குறிப்பைத் துணைக்கு அழைக்காமல் நிற்கக்கூடிய பாடல் இது.

இறுதிப் பாடலான ‘கிரேஸி மேன் மைக்கேல்’ தாம்சனின் சொற்களுக்கு ஸ்வார்பிரிக் மெட்டமைத்தது. கடற்கரையில் தன்னோடு பேசிய அண்டங்காக்கையை ஒருவன் கோபத்தில் கொல்கிறான். கொன்றது தன் காதலியையே என்று தெரிந்து பித்தனாகத் திரிகிறான். பழைய கதைப்பாடல்களின் உருமாற்றம், சாபம், குற்றவுணர்வு எல்லாம் இதில் உண்டு. இருந்தாலும் இது 1969-இல் பிறந்த பாடல். இதை விபத்தோடு இணைத்துப் படிக்காத விமர்சகர் அரிது. அந்த இணைப்பு நியாயமானதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால், ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுப்போகிறது. முந்நூறு ஆண்டுப் பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்தாலும் தையல் தெரியாதபடி ஒரு புதுப் பாடலை ஆக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதே இந்தக் குழுவின் மெய்யான சாதனை. பழைய பாடல்களை மின்வாத்தியத்தில் வாசிப்பது நல்ல வாத்தியக்காரர்கள் எவருக்கும் கைகூடும். பழைய பாடல்களின் இலக்கணத்தை உள்வாங்கி அந்த மொழியிலேயே தங்கள் காலத்தின் துயரத்தைச் சொல்வது மிகச் சிலருக்கே கைகூடியது. 2006-இல் வாக்களித்த நேயர்கள் இதை உணர்ந்தே வாக்களித்திருக்கலாம். விருதுக்குப் பின் எழுதப்பட்ட கட்டுரைகளில் மட்டும் அது காணப்படவில்லை.

அன்றைய நாட்டார் இசை உலகின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 1966 மே மாதம் மான்செஸ்டரில், நாட்டார் பாடகராகப் புகழ்பெற்றிருந்த அமெரிக்கர் பாப் டிலன் மின்கிட்டாரோடு மேடையேறியபோது கூட்டத்திலிருந்து ஒருவர் ‘யூதாஸ்’ என்று கத்தினார். லண்டனின் நாட்டார் இசை மன்றங்கள் சிலவற்றில், பாடகர் தம் சொந்த மண்ணின் பாடல்களை மட்டுமே பாட வேண்டும் என்ற விதி இருந்தது. அத்தகைய சூழலில் ஒலிபெருக்கியோடு வந்த ஒரு ராக் குழு சிசில் ஷார்ப் ஹவுஸின் ஏடுகளைப் புரட்டியது சிலருக்கு அத்துமீறலாகவே பட்டிருக்கும். இன்னொரு பக்கம், ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ தொகுப்பிலிருந்த டிலன் பாடலின் பிரெஞ்சு வடிவத்தை வானொலியில் கேட்டு ரசித்த ராக் நேயர்கள் தங்கள் குழு திடீரென்று பழம்பாடல்களுக்குள் போய்விட்டதே என்று குறைபட்டார்கள். இரு தரப்பின் சந்தேகத்துக்கும் நடுவில் தொகுப்பு தனக்கான கேட்போரைச் சிறுகச் சிறுகத்தான் சேர்த்துக்கொண்டது.

அந்தக் கேட்போர் சேர்வதற்குள் தொகுப்பை உருவாக்கியவர்களே பிரிந்துவிட்டார்கள். வெளியீட்டுக்கு முன்பே, நவம்பரில், டென்னியும் ஹட்சிங்ஸும் விலகினர். ஹட்சிங்ஸ் மரபுப் பாடல்களுக்குள் இன்னும் ஆழமாகப் போக விரும்பி ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். பின்னர் ஆல்பியன் குழுவையும் கட்டினார். டென்னி தம் சொந்தப் பாடல்களை எழுத விரும்பி ஃபாதரிங்கே குழுவை அமைத்தார். பிரிவுக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. தொகுப்பைக் கவனமாகக் கேட்டால், மரபின் பக்கம் ஒன்றும் புதுப்பாடலின் பக்கம் ஒன்றுமாக இரண்டு இழுவிசைகள் எட்டுப் பாடல்களிலும் இருப்பது தெரியும். அந்த இழுவிசைகள் சமன்பட்டு நின்ற சில மாதங்களின் பதிவு இது. தொடக்கப்புள்ளி என்று இதைப் புகழும் கட்டுரைகள், இதே அமைப்பில் இன்னொரு தொகுப்பு வரவே இல்லை என்பதை மறந்துவிடுகின்றன. டென்னி 1978 ஏப்ரலில், முப்பத்தொரு வயதில் காலமானார்.

ஃபேர்போர்ட் மட்டும் நிற்கவில்லை. 1979-இல் ஆக்ஸ்ஃபர்டுஷயரின் க்ரோப்ரடி கிராமத்தில் விடைபெறும் கச்சேரி என்று அறிவித்து வாசித்தவர்கள், அதே ஊரில் ஆண்டுதோறும் கூடத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் கைவிட்ட காலத்தில் வுட்வோர்ம் என்ற சொந்த நிறுவனத்தின் மூலம் தங்கள் தொகுப்புகளைத் தாங்களே வெளியிட்டார்கள். ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் வரை கூடிய அந்த விழாவில் ‘மேட்டி க்ரோவ்ஸ்’ இன்றும் கச்சேரியின் முடிவை ஒட்டி வருகிறது. 2007-இல் அங்கே இந்தத் தொகுப்பு முழுவதையும் 1969-இன் கலைஞர்களே மேடையில் வாசித்தார்கள்; டென்னியின் இடத்தில் கிறிஸ் வைல் பாடினார். விமர்சகர்களின் பட்டியல்கள் மாறிக்கொண்டே இருக்க, இந்தத் தொகுப்பின் வரவேற்பை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்மையில் சுமந்து வந்தவர்கள் வயல்வெளியில் நின்று கேட்ட இந்த மக்கள்தான்.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. 2002-இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட சிடியின் ஒலி தெளிவாக இருக்கிறது. பேஸும் டிரம்ஸும் தனித்தனியே கேட்கின்றன. மேட்டக்ஸைப் பற்றி மேலே சொன்னதைச் சரிபார்க்க அதுவே போதும். 2007-இல் வந்த இரட்டைச் சிடிப் பதிப்பில் வானொலிப் பதிவுகளும் விடுபட்ட பாடல்களும் கூடுதலாக உண்டு. குழுவை ஏற்கெனவே விரும்புகிறவர்களுக்கு அது பயன்படும். முதன்முறை கேட்பவர் ‘கம் ஆல் யீ’யைத் தாண்டி ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’ பாடலில் தொடங்குவது நல்லது. கதைப்பாடல்கள் இரண்டையும் கேட்கும் முன் கதையைப் படித்துக்கொண்டால், பழைய ஆங்கிலச் சொற்களின் தடை பெருமளவு நீங்கிவிடும். 2002 பதிப்பில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட ‘சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்’ பாடலையும் தவறவிடக் கூடாது. 1970-இல் குழு வெளியிட்ட ‘ஃபுல் ஹவுஸ்’ தொகுப்பில் ஆண்களே பாடிய இதே பாடலை இதில் டென்னி பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அவர் போனதால் குழு இழந்தது என்ன, அவர் போன பிறகும் அதனிடம் எஞ்சியது என்ன என்பது காதுக்கே தெரிந்துவிடும்.